கோம்புக் கடல்பாசியை அள்ளிப் போடாதீர்கள்

தைராய்டு சோதனைத் தாளுடன் இந்த மாதமும் ஒருவர் வந்தார். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். எகிறியிருக்கிறது, அதாவது தைராய்டு மந்தமாகியிருக்கிறது. எந்நேரமும் களைப்பு, எடை கூடுகிறது என்றார். என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டதுமே காரணம் விளங்கிவிட்டது.

டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் பால், முட்டைகூட இல்லாத நனிசைவத்துக்கு மாறிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. உழவர் சந்தையில் பருவத்துக் காய்களை வாங்கி, ஜப்பானிய முறையில் எளிமையாகச் சமைக்கிறார்கள். மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் மீனை விலக்கிய கையோடு கோம்பு என்ற கடல்பாசியை அள்ளிப் போடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தாஷி எனப்படும் சாற்றுக்கு வழக்கமாக உலர்மீன் சீவலும் கோம்பும் சேர்ந்து சுவை தரும். மீன் போனதும் சுவை குறைகிறதென்று கோம்பை இரண்டு மடங்காக்கி அரை மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். வெந்த துண்டை வீணாக்க மனமில்லாமல் சோயா சாஸில் சுண்டவைத்து அதையும் சாப்பிடுகிறார்கள். தினமும்!

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். உலர்ந்த கோம்பு ஒரு கிராமிலேயே ஏறத்தாழ 2,000 இருக்கிறது. ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் போட்டுக் கொதிக்கவைத்தால் பெரும்பகுதி நீரில் இறங்கிவிடும். ஜப்பான் அரசின் மேல்வரம்பு நாளுக்கு 3,000 மைக்ரோகிராம். ஒரு கிண்ண சூப் அதைத் தொட்டுவிடும். அயோடின் இப்படி அளவு மீறினால் தைராய்டு மந்தமாகிவிடலாம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "ஜப்பானியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" ஆகியிருக்கிறது. கோம்பு விளையும் ஹொக்கைடோ கடலோரத்து மக்களிடம் தைராய்டு வீங்கும் கழுத்துக் கழலை பரவலாக இருந்ததை 1960களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கடல்பாசியைக் குறைத்ததும் சிலருக்கு வீக்கம் வற்றியது. பெரும்பாலான வீடுகளிலோ ஒரு நாள் கோம்பு, மறுநாள் மீன், அடுத்த நாள் காளான் என்று சாறு மாறிக்கொண்டே இருக்கும். யாரும் தினமும் பானை நிறையக் கோம்பை வேகவைப்பதில்லை. "இயற்கையானதுதானே" என்பார்கள். 2009இல் ஆஸ்திரேலியாவில் கோம்பு சேர்த்த சோயா பாலைக் குடித்தவர்களுக்குத் தைராய்டு கோளாறு வந்து, அந்தப் பாலையே கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அதுவும் இயற்கையான கோம்புதான்.

தாஷி இல்லாமலே எத்தனையோ செய்யலாம். நிஷி கசாய் அடங்கிய எடோகாவா வட்டாரம் கோமட்சுனா கீரையின் பிறப்பிடம். குளிரில் இனிப்பேறிய கீரையைச் சட்டென்று வேகவைத்துப் பிழிந்து, வறுத்து அரைத்த எள், சோயா சாஸ், துளி சர்க்கரை சேர்த்துப் பிசறுங்கள், கோமா-ஆயே தயார். குளிர்கால முள்ளங்கியைத் தடித்த வட்டங்களாக நறுக்கி அரிசி கழுநீரில் வேகவைத்தால் காரல் போய்விடும். மேலே மிசோ என்ற புளித்த சோயா விழுதைத் தடவினால் போதும். மிசோ வாங்கும்போது பொட்டலத்தைப் படியுங்கள். தாஷி கலந்தே விற்கும் மிசோவில் பெரும்பாலும் மீன் இருக்கும்.

சாறு வேண்டுமென்றால் உலர்ந்த ஷிடாக்கே காளானைக் குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காளானையும் ஊறிய நீரையும் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே உண்ண வேண்டும். அரைவேக்காட்டு ஷிடாக்கே சிலருக்கு உடலெங்கும் சாட்டையால் அடித்ததுபோன்ற தடிப்பைக் கொண்டுவரும்.

கோம்பை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. ஜப்பானில் சமையல் உப்பில் அயோடின் சேர்ப்பதில்லை. நனிசைவர்களுக்குக் கொஞ்சம் கடல்பாசி தேவைதான். அன்றாடத்துக்கு நோரி என்ற மெல்லிய கடல்பாசித் தாள் நல்லது, அதில் அயோடின் கோம்பைவிட மிகக் குறைவு. அதற்காக, நோரியிலேயே பி12 வைட்டமின் கிடைத்துவிடும் என்று நம்பி அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஹிஜிகி பாசி வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஆர்சனிக் காரணமாக, அதை உண்ண வேண்டாமென்று பிரிட்டன் 2004இலேயே அறிவுறுத்தியது.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அயோடின் மேல்வரம்பு இன்னும் குறைவு, நாளுக்கு 2,000 மைக்ரோகிராம்தான். தயவுசெய்து உங்கள் மருத்துவரிடம் கோம்பு பற்றியும் சொல்லுங்கள், அவராகக் கேட்கமாட்டார்.