பிள்ளை பிறந்த பிறகு கணவன் மனைவிக்குள் ஏன் தூரம் விழுகிறது

பிள்ளை பிறந்ததும் குடும்பம் நிறைந்துவிட்டது என்று எல்லோரும் வாழ்த்துவார்கள். அதே வீட்டில் கணவனும் மனைவியும் கதைப்பது மெல்லக் குறைந்து, "பால்மா முடிஞ்சுது", "ஸ்கூல் வானுக்குக் காசு குடுத்தாச்சோ" என்ற அளவில் வந்து நிற்பது யார் கண்ணிலும் படுவதில்லை. கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதும் இல்லை. "பிள்ளையள் வளர்ந்தா எல்லாம் சரிவரும்" என்று பெரியவர்கள் சொல்லி முடித்துவிடுவார்கள். தானாகச் சரிவரும் விஷயம் இது இல்லை. உடலிலும் மூளையிலும் நடப்பதை அறிந்துகொண்டால் இருவருக்கும் பாதிப் பாரம் குறையும்.

அமெரிக்காவில் 218 தம்பதிகளைத் திருமணத்தின் முதல் எட்டு வருடங்கள் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு 2009இல் வெளிவந்தது. பிள்ளை இல்லாத தம்பதிகளிடமும் காலப்போக்கில் திருப்தி குறைந்தது, ஆனால் படிப்படியாக. பிள்ளை பெற்றவர்களிடம் அது பிரசவத்தை ஒட்டித் திடீரென்று விழுந்தது. 2000இல் வெளியான இன்னொரு ஆய்வில், முதல் குழந்தைக்குப் பிறகு மனைவிமாரில் ஏறக்குறைய 67 சதவீதம் பேரின் திருப்தி குறைந்திருந்தது. மற்ற மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையவில்லை. அவர்கள் வீட்டில் என்ன வித்தியாசம் என்பதுதான் நான் முக்கியமாக நினைக்கும் கேள்வி. அதற்கு முன், திருப்தி ஏன் விழுகிறது என்று பார்ப்போம்.

முதல் காரணம் நித்திரை. ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான பெற்றோரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2019இல் வந்தது. குழந்தை பிறந்த முதல் மூன்று மாதங்களில், கர்ப்பத்துக்கு முன் இருந்ததைவிடத் தாய்மாருக்குச் சராசரியாக ஒரு மணித்தியால நித்திரை குறைந்தது. தகப்பன்மாருக்கு ஒரு கால் மணித்தியாலம். முதல் பிள்ளைக்கு ஆறு வயதாகும்வரை இருவரின் நித்திரையும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை.

நித்திரை குறைந்தால் மூளையில் பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி கூர்மையாகிறது. அதைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதியின் பிடியோ தளர்கிறது. கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ஏமி கோர்டன், செரீனா சென் இருவரும் தம்பதிகளிடம் நடத்திய ஆய்வில், நித்திரை கெட்ட இரவுக்கு அடுத்த நாள் சச்சரவு கூடியது. இருவரில் ஒருவர் சரியாக நித்திரை கொள்ளாவிட்டாலே போதும், மற்றவரின் மனநிலையைப் பிழையாகக் கணிப்பதும் கூடியது.

இதை வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் குசினியில் வைத்துப் பாருங்கள். காலை ஆறு மணி. பாடசாலை வான் ஆறே காலுக்கு வந்து கோர்ன் அடிக்கும். அவள் இடியப்பத்தைச் சாப்பாட்டுப் பெட்டியில் அடுக்கியபடி, சின்னவன் இரவு மூன்று தரம் எழுப்பியதால் எரியும் கண்களோடு நிற்கிறாள். அவர் சம்பலைத் தொட்டு வாயில் வைத்து, "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு போல" என்கிறார். அவர் சொன்னது உப்பைப் பற்றி மட்டும்தான். களைத்த மூளைக்கு அது "உமக்கு ஒண்டும் ஒழுங்காச் செய்யத் தெரியாது" என்று கேட்கிறது. அவள் சட்டியை டக்கென்று வைக்கிறாள். அந்தச் சத்தத்தை அவரது மூளையும் தாக்குதலாகவே எடுத்துக்கொள்கிறது. இருவர் குணத்திலும் குறை இல்லை. குறைந்தது நித்திரை.

தகப்பனின் உடலும் மாறுகிறது. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 ஆண்களைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வு, தகப்பனான பிறகு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோனின் அளவு இறங்குவதைக் காட்டியது. பிள்ளையோடு அதிக நேரம் செலவிட்டவர்களிடம் அது இன்னும் குறைவாக இருந்தது. பிள்ளை பார்ப்பது பெண்ணின் உடலுக்கு மட்டும் எழுதிவைத்த வேலை என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

சரி, நெருக்கம் எப்படித் தாங்கி நிற்கிறது? ஜோன் கொட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு வீடு போன்ற ஆய்வுகூடத்தை அமைத்து, புதுமணத் தம்பதிகளைச் சாதாரணமாக இருக்கவிட்டுக் கவனித்தார். பெரிய அன்பு வார்த்தைகளைவிடச் சில்லறைக் கதைகள்தான் அவருக்கு முக்கியமாகப் பட்டன. ஒருவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்து ஏதோ சொல்வார். மற்றவர் திரும்பிப் பார்ப்பார், அல்லது பார்க்கமாட்டார். கொட்மனுக்கு அது ஒரு அழைப்பு. ஆறு வருடங்களுக்குப் பிறகும் சேர்ந்திருந்தவர்கள் அப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 சதவீதத்துக்குத்தான்.

எங்கள் வீடுகளில் இந்த அழைப்புகள் ஒளிந்தே வரும். "உங்களில எனக்கு விருப்பம்" என்று யாரும் சொல்லமாட்டார்கள். "என்னப்பா, தேத்தண்ணி போடட்டோ?" என்பார்கள். பல்கனியில் நின்று, "கோச்சி இண்டைக்கும் பிந்தித்தான் போகுது" என்பார்கள். கரையோர ரயில் பிந்துவது வெள்ளவத்தையில் யாருக்கும் புதினம் இல்லை. அவர் அறிவிப்பது நேரத்தை இல்லை, "நான் இஞ்ச நிக்கிறன், நீரும் வாரும்" என்பதை. அவள் போனிலிருந்து கண்ணை எடுத்து, "ஓம், சனம் தொங்கிக்கொண்டு போகுது" என்றால் வேலை முடிந்தது. மூன்று விநாடி. பிள்ளையின் ரியூசன், புலமைப்பரிசில் பரீட்சை, காலி வீதி நெரிசல் எல்லாம் சேர்ந்து முதலில் தின்பது இந்த மூன்று விநாடிகளைத்தான். வருடத்தில் ஒரு தரம் நுவரெலியா போய்வருவது நல்லதுதான், ஆனால் தினமும் தவறவிட்டதை அந்த இரண்டு நாட்கள் ஈடு செய்யாது.

முதலில் சொன்ன, திருப்தி குறையாத அந்த மூன்றில் ஒரு பங்கு மனைவிமாரின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். அவர்களின் கணவன்மார் பிள்ளை பிறக்கும் முன்பே மனைவியைப் பற்றிப் பேசும்போது வாஞ்சையோடு பேசியவர்கள். அவளுக்கு எது கவலை, என்ன யோசிக்கிறாள் என்று தெரிந்து வைத்திருந்தவர்கள்.

தொடுதலுக்கும் பங்குண்டு. 2006இல் ஜேம்ஸ் கோனும் சக ஆய்வாளர்களும் 16 மனைவிமாரை மூளை ஸ்கானுக்குள் வைத்து, லேசான மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரித்தார்கள். கணவனின் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் அச்சப் பதில் தணிந்தது. திருமணத்தில் திருப்தி கூடியவர்களுக்கு அது இன்னும் நன்றாகத் தணிந்தது. நடுவில் பிள்ளை படுத்திருக்க, ஹோலில் அம்மம்மா படுத்திருக்கும் வீட்டில் தொட்டுக்கொள்வது முதலில் காணாமல் போகும் பழக்கம். பெரியவர்களின் உதவி இல்லாமல் கொழும்பில் பிள்ளை வளர்ப்பது கஷ்டம்தான். ஆனால் இருவரும் தனியாகக் கதைக்கும் இடம் அதனால் குறைகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைக்கு மேலால் கையை நீட்டிப் பிடிக்க இடம் தேவையில்லை.

சண்டையில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் காது கேட்டாலும் மூளைக்கு விளங்காது என்கிறார் கொட்மன். அவரது ஆய்வுகூடத்தில் தம்பதிகளை இடையில் நிறுத்தி, 20 நிமிடம் சஞ்சிகை வாசிக்க வைத்தார்கள். துடிப்பு இறங்கியபின் அதே பிரச்சினையை அவர்கள் தன்மையாகக் கதைத்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு போவது வேறு. "அரை மணித்தியாலத்தில வாறன், பிறகு கதைப்பம்" என்று சொல்லிவிட்டுக் கடற்கரையோர மரைன் டிரைவ் வீதியில் நடந்துவிட்டு வருவது வேறு. போகும் வழியில் சண்டையை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே போனால் துடிப்பு இறங்காது.

தொடர்மாடிச் சுவர்களுக்குள் சண்டை பிள்ளைக்குக் கேட்கும். சமாதானமோ பிள்ளை படுத்த பிறகு நடக்கும், அதனால் அது கேட்காது. மார்க் கமிங்ஸ் என்ற உளவியலாளர் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்தார். சண்டை தீர்ந்ததைப் பார்த்த பிள்ளைகளின் கலக்கம் வெகுவாகக் குறைந்தது. கண்ணால் பார்க்காமல், தீர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டாலே பலன் இருந்தது. ஆகவே காலையில் சப்பாத்து மாட்டும்போது, "ராத்திரி அப்பாவும் நானும் சத்தம் போட்டனாங்கள், பிறகு கதைச்சுச் சரியாக்கிட்டம்" என்று ஒரு வசனம் சொல்லுங்கள். வான் வர முன்னம் அதற்கு நேரம் இருக்கும்.