பதினாறில் ஒரு பங்காக ஒரு பந்தயப் படகு

விமானத் தொழிலதிபர் டி. ஓ. எம். சாப்வித்துக்காகச் சார்ல்ஸ் நிக்கல்சன் வடிவமைத்து, 1934-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் காஸ்போர்ட் நகரில் கட்டப்பட்ட ‘எண்டெவர்’, மாதிரிப் படகு செய்வோர் பெரிதும் விரும்பி எடுத்துக்கொள்ளும் ‘ஜே’ வகைப் பந்தயப் பாய்ப்படகுகளுள் ஒன்று. அதன் நீளம் ஏறத்தாழ 39.5 மீட்டர்; எடை சுமார் 143 டன். இதை 1:16 என்ற விகிதத்தில் செய்தால் நீளம் 2.47 மீட்டராகும். எடையோ 16-இன் மும்மடியான 4,096-ஆல் வகுபட்டு, ஏறத்தாழ 35 கிலோவுக்கு இறங்கிவிடும். இந்த இரு எண்களுக்கு இடையே உள்ள வேறுபாடு, படகின் மீது வைக்கப்படும் ஒவ்வொரு சிறு பொருளையும் பாதிக்கிறது.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல பார்வையுள்ள மனிதக் கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை நுட்பங்களைப் பிரித்தறியும். ஒரு மீட்டர் தொலைவில் அது சுமார் 0.3 மி.மீ. ஆகும். 1:16 மாதிரியை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது, உண்மையான படகை 16 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம் என்பதால், அங்கிருந்து உண்மைப் படகில் 5 மி.மீ.க்கும் குறைவான எதுவும் தெளிவாகத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு திருகின் தலையையும் செதுக்குவதால் மாதிரி உண்மைபோல் ஆகிவிடாது. தெரியக்கூடாத ஒன்று தெரியும்போதுதான், எதிரே இருப்பது பொம்மை என்று கண் உடனே முடிவுசெய்கிறது. நுணுக்கங்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் தடிமன் சரியாக இருப்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

மேல்தளம் இதற்குச் சிறந்த சான்று. உண்மைப் படகின் தளப்பலகை 5 செ.மீ. அகலம் என்று கொண்டால், மாதிரியில் அது 3 மி.மீ.க்குச் சற்று அதிகம். பலகைகளுக்கு இடையே நீர் புகாமல் அடைக்கும் கருநிறக் கலப்பற்றுக் கோடு 6 மி.மீ. என்றால், மாதிரியில் 0.4 மி.மீ.க்கும் குறைவு. பேனாவால் இழுத்த கோடு மரத்தின் நாரில் கசிந்து இதைவிட அகலமாகிவிடும். அதனால் பலகைக் கீற்றின் ஒரு விளிம்பில் மட்டும் மெல்லிய கருந்தாளை ஒட்டியோ, மென்மையான பென்சிலால் விளிம்பைத் தேய்த்தோ அடுத்த கீற்றை அதனோடு சேர்ப்பது வழக்கம். பந்தயப் படகுகளில் பலகைகள் நேராக ஓடாமல் உடலின் வளைவை ஒட்டி வளைந்து, நடுவிலுள்ள அகலமான பலகையில் வெட்டப்பட்ட சிறு படிகளில் முடிகின்றன. இந்தப் படிகளை விட்டுவிட்டு முனைகளை ஊசிபோல் கூராக்கினால், படகு கட்டத் தெரிந்தவர் கண்ணில் அதுவே முதலில் படும். உண்மைப் படகில் அவ்வளவு கூரான முனை எளிதில் உளுத்துப்போகும், அடைப்பும் அதில் நிற்காது. மரத்தின் நாரமைப்பும் விகிதத்துக்கேற்பச் சிறுப்பதில்லை. எனவே தேக்குத் தளத்தைத் தேக்கிலேயே செய்வதைவிட, நுண்ணிய நாருள்ள வேறு மரத்தை அந்நிறத்துக்குக் கொண்டுவருவது மேல்.

வண்ணப்பூச்சுக்கும் இதே கணக்குதான். 0.1 மி.மீ. தடிமனான பூச்சு, உண்மைப் படகில் 1.6 மி.மீ. தடித்த பூச்சுக்குச் சமமாகி, நுண்ணிய விளிம்புகளையெல்லாம் மழுங்கடித்துவிடும். கண்ணாடிபோன்ற பளபளப்பும் அறையிலுள்ள சன்னலைக் கூர்மையாகப் பிரதிபலித்து மாதிரியின் உண்மை அளவைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், எண்டெவரின் கருநீல உடலுக்கு அரைப் பளபளப்பே பொருந்தும்.

கயிறு இன்னொரு சிக்கல். 16 மி.மீ. கயிற்றுக்கு 1 மி.மீ. நூல் அளவில் பொருந்தினாலும், நடத்தையில் பொருந்தாது. கயிற்றின் எடை அதன் விட்டத்தின் இருமடியோடும், வளைவை எதிர்க்கும் விறைப்பு நான்மடியோடும் மாறுகின்றன. நீளமும் சேர்ந்து குறைவதால், சிறிய கயிறு தன் எடையால் தொய்வது, அளவு விகிதத்தில் பார்த்தால்கூட மிகக் குறைவு. தளத்தில் சுருட்டி வைத்த கயிறு படுக்காமல் துள்ளி நிற்பது இதனால்தான். நீர்த்த வெள்ளைப் பசையில் நனைத்து, ஊசிகளைச் சுற்றி வடிவமைத்து உலரவிட்டால் அது கனமான கயிற்றைப்போலப் படிந்து கிடக்கும். பருத்தி நூலில் துருத்தி நிற்கும் 2 மி.மீ. இழை, உண்மை அளவில் 3 செ.மீ. நீளத் தும்பாகத் தோன்றுமாதலால், தேன்மெழுகு தடவி அதை அடக்க வேண்டும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் மாதிரிக்கு இவ்வளவு போதும். நீரில் ஓட வேண்டிய மாதிரிக்கு, காற்றும் எடையும் வேறொரு கட்டுப்பாட்டைக் கொண்டுவருகின்றன. அதே வேகக் காற்றில் படகைச் சாய்க்கும் திருப்புத்திறன், பாயின் பரப்பையும் உயரத்தையும் பொறுத்து 4,096-இல் ஒரு பங்காகக் குறைகிறது. நிமிர்த்தும் திருப்புத்திறனோ எடையோடு தூரமும் பெருக்கப்படுவதால் 65,536-இல் ஒரு பங்காகிவிடுகிறது. மாதிரி 16 மடங்கு எளிதாகச் சாயும் என்பதே இதன் பொருள். காற்றின் விசை வேகத்தின் இருமடியைச் சார்ந்தது என்பதால், மணிக்கு 10 கி.மீ. தென்றல் அதற்கு 40 கி.மீ. காற்றாகிறது.

இந்நிலையில் பாய்மர உச்சியில் சேர்க்கும் ஒவ்வொரு கிராமும் பெரிய செலவு. எண்டெவரின் பாய்மரம் தளத்துக்கு மேல் ஏறத்தாழ 50 மீட்டர் உயரம்; மாதிரியில் 3 மீட்டருக்கு மேல். அங்கே 10 கிராம் எடையுள்ள ஒரு வெண்கலக் கப்பியை மாட்டினால், அதை ஈடுகட்ட நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே 100 கிராம் ஈயம் வேண்டும். அந்த ஈயத்தையும் மொத்தம் 35 கிலோவுக்குள்ளேயே அடக்க வேண்டும். தளத்திலுள்ள வின்ச்சுகளை, அதாவது கயிறு இழுக்கும் உருளைகளை, உலோகத்தில் கடைந்து வைப்பதால் கெடுதி அதிகமில்லை. உச்சிக்குச் செல்லும் கப்பிகளையும் தாங்கிகளையும் உள்ளீடற்ற நெகிழியில் செய்து வெண்கல நிறம் பூசுவதே நல்லது. அவ்வளவு உயரத்தில் உலோகத்துக்கும் நெகிழிக்கும் உள்ள வேறுபாடு கரையில் நிற்பவர் கண்ணுக்குப் புலப்படாது.