தானம், ஈகை, காணிக்கை: சாமிக்கு மனசார குடுக்கறதுக்கு எது சரியான சொல்லு?

எங்க குடியாத்தம் பக்கம் ஆடி மாசம் அம்மன் கோயில்ல கூழ் ஊத்துவாங்க இல்ல, போன வருஷம் அதுக்கு அடிச்ச நோட்டீஸ்ல "கூழ் தானம்"னு போட்டுட்டாங்க. எங்க ஆயாவுக்கு படிச்சி காட்டுனேன், "அம்மனுக்கு ஊத்தறது எப்டிடா தானமாவும், அவ இன்னா நம்மகிட்ட கையேந்தியா நிக்கறா"ன்னு கேட்டுச்சி. அந்தக் கேள்வி என்ன உடவே இல்ல, அதனாலதான் இத எழுதறேன்.

தானம் சமஸ்கிருதச் சொல்லு, "தா"ன்ற வேர்லேர்ந்து வந்தது, குடுக்கறதுன்னு அர்த்தம். தமிழ்லயும் "தா" இருக்கேன்னு ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லிடக்கூடாது, சத்தம்தான் ஒண்ணு, வேர் வேற வேற. இதுக்கு தமிழ்ல இன்னான்னு கேட்டா எல்லாரும் டக்குனு ஈகை, கொடைன்னு சொல்லிடுவாங்க. ரத்த தானத்த குருதிக்கொடைன்னு எழுதறது அருமையான மாத்தல், ஆனா சாமிக்கு குடுக்கறதுக்கு இந்த ரெண்டுமே சரியா பொருந்தாதுன்றது என்னோட எண்ணம்.

ஏன்னா தமிழ்ல குடுக்கறதுக்கான சொல்லுங்க யாரு எங்க நிக்கறாங்கன்னு பாத்து மாறும். தொல்காப்பியத்துல சொல்லதிகாரம் இத தெளிவா சொல்லுது, கீழ இருக்கறவன் கேட்டா "ஈ", சமமானவன் கேட்டா "தா", மேல இருக்கறவன் கேட்டா "கொடு". மூணுமே கேக்கறவங்க வாயில வர சொல்லு, அம்மன் நம்மகிட்ட கேக்கறது இல்லயே, அதான் கொடையும் ஒட்டல. குறள்ல ஈகை அதிகாரத்தோட மொதல் குறளே "வறியார்க்கொன் றீவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து"ன்னு சொல்லுது, அதாவது இல்லாதவனுக்கு குடுத்தாதான் ஈகை, மத்ததெல்லாம் குறியெதிர்ப்பை மாதிரி. அம்மன் இல்லாதவ இல்லயே, அப்ப ஆயா கேட்டது சரிதான.

இந்த குறியெதிர்ப்பைன்ற சொல்ல பாருங்க, பக்கத்து வூட்ல ஒரு ஆழாக்கு அரிசி வாங்கனா அதே ஆழாக்குல அளந்து திருப்பி குடுக்கறோமே, அதான் அது. நம்ம ஊரு கல்யாணத்துல மொய் நோட்டு போட்டு எழுதறதும் அந்த வகைதான். அவங்க வூட்டு விசேஷம் வந்தா பழைய நோட்ட எடுத்து பாத்துட்டு அதுக்கு கொறையாம வெப்போம், அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா அது ஈகை ஆவாது.

சாமிகிட்டயும் ஒரு கணக்கு இருக்கு, புள்ள பொறந்தா மொட்ட போடறேன், ஒடம்பு தேறிட்டா தீ மிதிக்கறேன்னு வேண்டிக்கறோம், அதுக்கு பேரே நேர்த்திக்கடன். கடன்னா கடமைன்னும் அர்த்தம் உண்டு, அப்பர் "என் கடன் பணி செய்து கிடப்பதே"ன்னு பாடனது அந்த அர்த்தத்துலதான். எப்டி பாத்தாலும் நேர்த்திக்கடன் செஞ்சே ஆவணும். கடமையா குடுக்கறது வேற, தானா குடுக்கறது வேறன்ற வித்தியாசம் இஸ்லாத்துலயும் உண்டு, ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் கேட்டீங்கன்னா அழகா சொல்லுவாங்க, ஜகாத் கடமை, சேமிப்புல நூத்துக்கு 2.5, ஸதகா தானா மனசு வந்து குடுக்கறது. ஸதகா அரபியில உண்மைன்ற சொல்லோட வேர்லேர்ந்து வருது.

அப்ப தானா குடுக்கறதுக்கு நம்மகிட்ட இன்னா இருக்கு? காணிக்கை இருக்கு! வேர் "காண்". பெரியவங்கள, ராஜாவ, சாமிய காணப் போவும்போது வெறுங்கையோட போவாம எடுத்துட்டு போறது. இப்பவும் ஆஸ்பத்திரியில யாரையாவது பாக்கப் போனா ரொட்டியும் பழமும் வாங்கிட்டுதான போறோம், அதே மனசு. இதுல இருக்கறவங்க இல்லாதவங்கன்ற கணக்கு இல்ல, கேக்கறதும் இல்ல, பாக்கணும்ன்ற ஆசைதான் முன்னாடி நிக்குது. தெலுங்குல கானுகன்னு சொல்றதும் இதோட ஒறவுதான், 1911 வரைக்கும் சித்தூரும் நம்ம வடார்க்காட்டுலதான இருந்துச்சி, எங்க தெருவுல பாதி வூட்ல ரெண்டு பேச்சும் கேக்கும். சர்ச்ல எடுக்கறதும் காணிக்கைதான், தமிழ் பைபிள்ல "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்"னு வருது, உற்சாகம் வடசொல்லு, எழுத்துல மனமுவந்துன்னு சொல்லலாம், பேச்சுல மனசார.

மனசாரன்னா மனசு ஆர, ஆர்ன்னா நெறையறது. கண்ணார, வாயார, வயிறார எல்லாத்துலயும் அதே ஆர்தான்.

கூழுக்கு வரேன். அன்னிக்கு ஒவ்வொரு வூட்லேர்ந்தும் கேவுரு கூழ் குண்டான்ல வரும், ஒண்ணு கெட்டியா, ஒண்ணு தண்ணியா, ஒருத்தர் நொய் தூக்கலா போட்டிருப்பாங்க, எல்லாத்தையும் கோயில் முன்னாடி பெரிய அண்டாவுல ஊத்திடுவாங்க, அப்பறம் எது யார் வூட்டுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அம்மனுக்கு படைச்சிட்டு சின்ன வெங்காயம், முருங்கக்கீரை பொரியலோட வரவங்க எல்லாருக்கும் வயிறார ஊத்துவாங்க. இதுக்கு பழைய பேரே இருக்கு, கூழ் வார்த்தல். அந்தக் காலத்துல தானம் குடுக்கறப்ப தண்ணி ஊத்தி தாரை வார்த்து குடுப்பாங்க, அதே வார்த்தல்தான் இதுவும்.

இந்த வருஷம் நோட்டீஸ் ப்ரூஃப் என் கைக்கு வந்துச்சி, தானம்ன்றத அடிச்சிட்டு "அம்மனுக்கு காணிக்கையாக கூழ் வார்த்தல்"னு எழுதி குடுத்தேன். ஆயாவுக்கு படிச்சி காட்டுனேன், "ம், இப்ப சரி"ன்னுட்டு கேவுரு புடைக்க மொறத்த எடுத்துட்டு எழுந்து போயிடுச்சி.