‘இனேலியனபிள்’: கை மாறா உரிமை – சொல் விளக்கம்

மனித உரிமைச் சட்டம் உரிமைகளுக்குச் சூட்டும் அடைமொழிகளுள் தமிழில் மிகவும் அலைக்கழிக்கப்பட்டது ‘இனேலியனபிள்’ (inalienable) என்ற ஆங்கிலச் சொல்தான். 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை பாரிசில் ஏற்றுக்கொண்ட மனித உரிமைகள் உலகப் பிரகடனத்தின் முகப்புரை, மனிதக் குடும்பத்தினர் அனைவருடைய உரிமைகளும் சமமானவை என்றும் ‘இனேலியனபிள்’ ஆனவை என்றும் தொடக்கத்திலேயே கூறுகிறது. 1966இல் ஏற்கப்பட்ட இரு பன்னாட்டு உடன்படிக்கைகளின் முகப்புரைகளும் அதையே எடுத்தாள்கின்றன. தமிழில் இதற்குப் ‘பறிக்க முடியாத’, ‘மறுக்க முடியாத’, ‘பிரிக்க முடியாத’ என்று ஆளுக்கொரு சொல் எழுதுகிறோம்.

வேர் இலத்தீனில் உள்ளது. ‘அலியுஸ்’ என்றால் வேறு. ‘அலியேனுஸ்’ என்றால் வேறொருவருக்குரியது. ‘அலியேனாரே’ என்பது தன்னுடையதை வேறொருவருக்கு உரித்தாக்குதல். ஆக, இது பிறந்த இடம் சொத்துச் சட்டம். விற்பனை, தானம், பரிமாற்றம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். எந்தச் சொத்தை இவ்வாறு கொடுக்க இயலாதோ அதுவே ‘இனேலியனபிள்’. பிரான்சில் 1566இல் பிறப்பிக்கப்பட்ட மூலேன் அரசாணை மணிமுடிக்குரிய நிலங்களை இவ்வகையில் சேர்த்தது. அந்த ஆணையின் நோக்கம் நிலத்தைக் கள்வரிடமிருந்து காப்பதன்று. மன்னரே அதை விற்றுவிடாமல் தடுப்பதுதான். சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது: தடை முதலில் உரியவரின் கையைக் கட்டுகிறது. 1776ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலைப் பிரகடனமும் 1789ஆம் ஆண்டு பிரெஞ்சு உரிமைப் பிரகடனமும் நிலத்துக்குரிய இந்த அடைமொழியை மனிதனின் உரிமைகளுக்கு ஏற்றின.

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால் நம் வழக்குகளின் குறை புலப்படும். ‘மறுக்க முடியாத’ என்பது வாதத்துக்குப் பொருந்தும் சொல். ‘பிரிக்க முடியாத’ என்பதோ வேறொரு கோட்பாட்டுக்கு உரியது. குடியியல் உரிமைகளையும் பொருளாதார உரிமைகளையும் ஒன்றிலிருந்து ஒன்றைத் துண்டிக்கலாகாது என்று 1993ஆம் ஆண்டு வியன்னா மனித உரிமை மாநாடு வலியுறுத்தியதற்கே அச்சொல்லை விட்டுவைக்க வேண்டும். ‘பறிக்க முடியாத’ என்பது ஓரளவு நெருங்கி வந்தாலும், பிறர் பறிப்பதை மட்டும் சொல்லி, தானே கொடுத்துவிடுவதைச் சொல்லாமல் விடுகிறது.

மனித உரிமைகள் உலகப் பிரகடனத்தின் தமிழாக்கம் ‘பராதீனம்’ என்ற வடசொல்லைக் கொண்டு, ‘பராதீனப்படுத்த முடியாத’ என்று இதைப் பெயர்த்தது. பர என்றால் பிறர், ஆதீனம் என்றால் வசம். இலத்தீன் வேரோடு இவ்வளவு ஒட்டும் சொல் வேறில்லை. கிரயப் பத்திரங்களில் பராதீனமும், அதன் எதிர்ச்சொல்லான சுவாதீனமும் புழங்குவதால் சட்டத் துறையினருக்கு விளக்கம் தேவைப்படாது; மற்றவர்களுக்கோ அகராதி வேண்டும். பொது எழுத்துக்குக் ‘கை மாறா உரிமை’ என்பதை நான் பரிந்துரைப்பேன். நிலம் கை மாறியது என்கிறோம். விற்றதாலா, பறிகொடுத்ததாலா என்று அத்தொடர் பிரித்துப் பேசுவதில்லை. (சேர்த்து எழுதினால் ‘கைமாறு’, ‘கைமாற்று’ ஆகியவற்றோடு குழம்பும், இடம்விட்டு எழுதுவதே நன்று.)

உரியவரே விட்டுக்கொடுக்க இயலாது என்பது ஏட்டளவில் நிற்கும் நுணுக்கமன்று. பம்பாய் நடைபாதைவாசிகள், பொது நடைபாதையில் குடிசை போடத் தங்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்றும், குறித்த தேதிக்குப் பின் குடிசைகளை அகற்றுவதைத் தடுக்க மாட்டோம் என்றும் உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பிறகு வாழ்வுரிமையைக் காட்டி உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டபோது, முன்பு ஒப்புக்கொண்டதற்கு மாறாக இப்போது பேசலாகாது என்று எதிர்த்தரப்பு மறித்தது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு எனப்படும் அவ்வழக்கில் 1985இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், அரசமைப்புக்கு எதிராக அத்தகைய தடை எழாது என்றது. அடிப்படை உரிமைகள் தனியொருவரின் நலனுக்காக மட்டுமன்றிச் சமுதாயம் முழுமைக்குமாக வழங்கப்பட்டவை. ஆகவே ஒருவர் அவற்றை எழுதிக் கொடுத்துக் கைகழுவ முடியாது என்பதே அதன் காரணம். அதே தீர்ப்பு, மழைக்காலம் முடிந்த பின் குடிசைகளை அகற்றவும் இடமளித்தது.

இதில் முரண் இல்லை. கை மாறாமை வேறு, வரம்பின்மை வேறு. குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவரைச் சட்டப்படி சிறையில் அடைக்கலாம். அப்போது அவருடைய நடமாட்டச் சுதந்திரத்துக்கு வரம்பு விழுகிறதேயன்றி, அந்த உரிமை சிறை அதிகாரியின் சொத்தாகிவிடுவதில்லை. அப்படி ஆகிவிடும் நிலைக்குச் சட்டத்தில் தனிப் பெயரே உண்டு: சொத்துரிமைக்குரிய அதிகாரங்கள் முழுமையாகவோ பகுதியாகவோ ஒரு மனிதர்மீது செலுத்தப்படும் நிலையே அடிமை நிலை என்று 1926ஆம் ஆண்டு அடிமைமுறை ஒப்பந்தம் வரையறுக்கிறது.