பைன் கூம்பு ஏன் மூடிக்கொள்கிறது? இலையுதிர் காலத்தில் சிறு குழந்தையோடு செய்து பார்க்கச் சில சோதனைகள்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் செப்டம்பர் மாதம் முடியும் தறுவாயில், பூங்காவுக்கு அழைத்துச் செல்லப்படும் ஒன்றரை வயதுக் குழந்தை ஊஞ்சலைவிடத் தரையில் கிடப்பவற்றையே அதிகம் நாடும். பைன் மரத்தின் விதைகளைச் செதில்களுக்கிடையே தாங்கும் கூம்பு, மேப்பிள் விதை, சிவந்த இலை என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் பொறுக்கி எடுத்துவந்து தாயின் மடியில் போடும். டொராண்டோவிலும் அருகிலுள்ள மார்க்கம் நகரிலும் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிய காட்சி. அந்த மூன்று பொருள்களுக்குள்ளும் ஓர் அருமையான இயற்பியலோ வேதியியலோ இருக்கிறது. கடையில் எதையும் வாங்காமல் அதைக் குழந்தையின் கண்முன்னே நடத்திக் காட்டலாம்.

குழந்தை ஒரே கரண்டியைத் திரும்பத் திரும்பக் கீழே போடுவதைக் குறும்பு என்று நாம் நினைக்கிறோம். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, ஒரு வயதைத் தாண்டிய குழந்தை தன் செயலைச் சற்றே மாற்றினால் விளைவு எப்படி மாறுகிறது என்று ஆராய்வதாகவே அதை விளக்கினார். ஆகவே இந்த வயதுக்குப் பொருந்துவது, ‘நான் இதைச் செய்தேன், அது அப்படி ஆனது’ என்று குழந்தை கண்ணால் காணக்கூடிய வேலைதான் என்பது என் கருத்து. இலைகளை வெட்டி ஒட்டி மயில் செய்வது அழகுதான். ஆனால் அது பெரும்பாலும் பெற்றோரின் வேலையாகவே முடிந்துவிடுகிறது.

முதலில் பைன் கூம்பு. 1984-இல் ஒண்டாரியோவின் மாகாண மரமாக அறிவிக்கப்பட்ட வெள்ளைப் பைனின் கூம்பு ஒரு சாண் நீளம் வரை வளரும். செதில் நுனிகளில் முள் இராது என்பதால் சிறு கைகளுக்கு ஏற்றது. பிசின் ஒட்டினால் எண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும். நன்றாக விரிந்த கூம்பு ஒன்றை எடுத்து, அதன் செதில்களுக்கிடையே குழந்தையின் விரலை விட்டுப் பார்க்கச் செய்யுங்கள். பிறகு வெதுவெதுப்பான நீர் நிரம்பிய கிண்ணத்தில் குழந்தையே அதை இறக்கட்டும். கூம்பு மிதக்கும், ஆகையால் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமிழ்த்தி வைக்க வேண்டும். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் செதில்கள் உள்நோக்கி வளையத் தொடங்கியிருக்கும், ஓரிரண்டு மணி நேரத்தில் கூம்பு இறுக மூடிக்கொள்ளும். அவ்வளவு நேரம் எந்தக் குழந்தையும் கிண்ணத்தின் அருகே காத்திருக்காது என்பதால், மதியத் தூக்கத்திற்குச் சற்று முன் இதைத் தொடங்குவது நல்லது. தூங்கி எழுந்து வந்து பார்க்கும்போது, முன்பு எளிதாக நுழைந்த விரல் இப்போது நுழையாது. கிண்ணத்தில் நீர் இருக்கும்வரை குழந்தையைத் தனியே விடக் கூடாது.

இங்கே நகர்வது உயிருள்ள பொருள் அன்று. மரத்திலிருந்து விழுந்த கூம்பின் செதில்கள் முழுவதும் இறந்த திசுக்களால் ஆனவை. அவற்றில் தசையும் இல்லை, ஆற்றல் செலவும் இல்லை. ஒவ்வொரு செதிலும் இரண்டு அடுக்குகளைக் கொண்டிருக்கிறது. இரண்டிலும் உயிரணுச் சுவர்கள் செல்லுலோஸ் நுண்ணிழைகளால் வலுவூட்டப்பட்டவை என்றாலும், அந்த இழைகள் ஓடும் திசையில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. நீரை உறிஞ்சும் உயிரணுச் சுவர், இழைகள் ஓடும் திசையில் நீள முடியாமல், அவற்றுக்குக் குறுக்குத் திசையில்தான் பருக்கும். செதிலின் வெளிப்புற அடுக்கில் இழைகள் உயிரணுவைச் சுற்றிக் குறுக்காக அமைந்திருப்பதால், நனைந்தவுடன் அந்த அடுக்கு நீளவாக்கில் நீள்கிறது. உட்புற அடுக்கில் இழைகள் நீளவாக்கிலேயே ஓடுவதால் அது ஏறத்தாழ அதே நீளத்தில் நின்றுவிடுகிறது. ஒட்டிக்கிடக்கும் இரண்டில் ஒன்று மட்டும் நீண்டால், ஒரு பக்கம் மட்டும் நனைந்த காகிதம் சுருள்வதுபோல, முழுச் செதிலும் உள்நோக்கி வளையத்தானே வேண்டும்? உலரும்போது இதே செயல் தலைகீழாக நடந்து கூம்பு விரிகிறது. காலின் டாசன், ஜூலியன் வின்சென்ட், ஆன்-மேரி ரோக்கா ஆகியோர் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் இந்த அமைப்பை விளக்கினார்கள்.

மரத்துக்கு இதனால் பெரும் பயன் உண்டு. வெள்ளைப் பைனின் விதைகளுக்கு மெல்லிய இறகு இருக்கிறது; உலர்ந்த காற்று வீசும் நாளில் கூம்பு விரிந்தால் அவை தொலைவுக்குப் பறக்கும், மழை நாளில் விரிந்தால் தாய் மரத்தின் காலடியிலேயே நனைந்து விழும். ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைத்த, ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஊசியிலை மரக் கூம்புகள் இன்றும் ஈரத்திற்கேற்ப அசைவதை ஆய்வாளர்கள் 2017-இல் பதிவு செய்தார்கள். இதே தத்துவத்தைக் கொண்டு, மோட்டாரோ மின்சாரமோ இன்றிக் காற்றின் ஈரப்பதத்திற்கேற்பத் திறந்து மூடும் மெல்லிய மரத்தகடுகளால் ஆன அமைப்பு ஒன்றை ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் ஆகிம் மெங்கெஸ் குழுவினர் 2012-இல் பாரிஸின் பொம்பிது கலை மையத்துக்காக உருவாக்கினார்கள். நனைந்த கூம்பு வீட்டுக்குள் விரிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அதுவும் குழந்தைக்குக் காட்ட வேண்டிய பாதிதான்.

அடுத்தது மேப்பிள் விதை. வெள்ளி மேப்பிளும் சிவப்பு மேப்பிளும் கோடை தொடங்கும்போதே விதைகளை உதிர்த்துவிடும். இலையுதிர் காலத்தில் கிடைப்பவை சர்க்கரை மேப்பிள், நார்வே மேப்பிள் ஆகியவற்றின் விதைகள். இரட்டையாக ஒட்டியிருப்பவற்றைப் பிரித்து, நன்றாக உலர்ந்த ஒன்றைக் கையை உயர்த்திப் பிடித்து விடுங்கள். சுழலத் தொடங்குவதற்குச் சிறிது தூரம் விழுந்தாக வேண்டும் என்பதால், குழந்தையின் உயரத்திலிருந்து விட்டால் பல சமயம் சுழலாமலே தரையைத் தொட்டுவிடும். விதையின் எடை முழுவதும் ஒரு முனையில் இருக்கிறது, இறகின் ஓர் ஓரம் தடித்தும் மற்ற ஓரம் மெலிந்தும் இருக்கிறது; இந்தச் சமனின்மைதான் அதைச் சுழல வைக்கிறது. சுழலும் இறகின் முன் ஓரத்துக்கு மேலே காற்று ஒரு சிறு சுழலாக உருண்டு நிலைத்து நிற்க, அங்கே அழுத்தம் குறைந்து விதை மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. டேவிட் லெண்டிங்க் குழுவினர் காற்றைச் செலுத்திச் சோதிக்கும், புகை விட்ட குழாயிலும், எண்ணெய்த் தொட்டியில் இயங்கிய பெரிய மாதிரியிலும் இதைக் கண்டறிந்து 2009-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பூச்சிகளும் வௌவால்களும் பறக்கப் பயன்படுத்தும் உத்தியும் இதுவே. இதன் விளைவாக விதை நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில்தான் இறங்குகிறது. இறகைக் கிள்ளிவிட்டு மறுபடி போட்டால் விதை நேரே தொப்பென்று விழும். இந்த வேறுபாட்டைக் காணும் குழந்தை மறுபடி, மறுபடி என்று கேட்கும்.

ஓர் எச்சரிக்கை. ஓக் மரத்தின் காய், கிள்ளிய மேப்பிள் விதை போன்ற சிறியவை மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கழிவறைக் காகித உருளையின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதையும் பெரியவர் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குதிரைச் செஸ்ட்நட் மரத்தின் கொட்டையும் யூ மரத்தின் விதையும் நஞ்சு.

மூன்றாவதான இலைச் சோதனைக்குச் சில வாரங்கள் தேவை. பகல் குறுகியதும் மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, இலையில் இருக்கும் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஏற்கனவே இருந்த மஞ்சள் நிறமிகள் அப்போது வெளியே தெரிகின்றன. சிவப்பு அப்படியன்று. அந்தோசயனின் என்னும் அந்த நிறமி, இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து இலையுதிர் காலத்தில்தான் புதிதாக உருவாகிறது. அதற்கு வெளிச்சமும் வேண்டும். ஓர் இலையின் மேல் இன்னொன்று படிந்திருந்த இடம் மட்டும் மஞ்சளாகவும் சுற்றிலும் சிவப்பாகவும் இருப்பதை உதிர்ந்த இலைகளிலேயே தேடிக் காணலாம். நீங்களே செய்ய விரும்பினால், செப்டம்பர் கடைசியில், தாழ்ந்த கிளையில் நன்றாக வெயில் படும் பச்சை இலை ஒன்றில் கறுப்புக் காகிதத் துண்டைக் கிளிப்பால் பொருத்துங்கள். சுற்றியுள்ள இலைகள் சிவந்ததும், உதிர்வதற்கு முன்பே, குழந்தை அதை எடுத்துப் பார்க்கட்டும். இதற்குச் சிவப்பு மேப்பிள் அல்லது சர்க்கரை மேப்பிள் வேண்டும். காம்பை ஒடித்தால் வெள்ளைப் பால் வடிவது நார்வே மேப்பிள். அது பெரும்பாலும் மஞ்சளாகவே மாறும் என்பதால் வேறு மரத்தைத் தேடிக்கொள்ளுங்கள்.