கைனெட்டிக் எனர்ஜி ‘உந்து சக்தி’ ஆகாது

“பந்தின் உந்து சக்தி அதிகமாக இருப்பதால் கண்ணாடி உடைகிறது.” தமிழில் குரல் சேர்த்த ஓர் அறிவியல் காணொளியில் வந்த வரி இது. மூலத்தில் கைனெட்டிக் எனர்ஜி என்று வந்த இடமெல்லாம் உந்து சக்திதான். கட்டுரைகளிலும் வசன வரிகளிலும் இதை எத்தனையோ முறை பார்த்து, சரி போகட்டும் என்று விட்டிருக்கிறேன். இந்த முறை விட முடியவில்லை. கூட உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகள், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவள், என்னைக் கேட்டாள்: “சித்தி, கையை விட்டுப் போன பந்தை அப்புறம் யார் உந்துறாங்க?”

யாரும் உந்தவில்லை. கையை விட்ட பிறகு பூமி அதைக் கீழே இழுக்கிறது, காற்று தடுக்கிறது. முன்னால் தள்ளும் விசை எதுவும் கிடையாது. அவள் தப்பாகக் கேட்கவில்லை. சொல் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

கைனெட்டிக் எனர்ஜி என்பது, ஒரு பொருள் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதாலேயே அதனிடம் இருக்கும் ஆற்றல். அது அந்தப் பொருளிடம் சேர்ந்திருக்கும் இருப்பு. அதைத் தள்ளுவது வேறு. ஆணியின் தலையில் சுத்தியலை வைத்து அழுத்திப் பாருங்கள், கை வலிக்கும், ஆணி அசையாது. அதே சுத்தியலை ஓங்கி அடித்தால் ஆணி மரத்துக்குள் இறங்குகிறது. ஓங்கும்போது கை செய்த வேலை சுத்தியலின் வேகத்தில் சேர்ந்திருந்தது. ஆணியைத் தொட்டு நிற்கும் அந்தக் கண நேரத்தில் சுத்தியல் அதைச் செலவழிக்கிறது. பத்து அடி அடித்துவிட்டு ஆணியின் தலையைத் தொட்டால் சுடுவதும் இதனால்தான்.

கணக்கும் சின்னதுதான். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 36 கிலோமீட்டரில் போனால், அதாவது நொடிக்கு 10 மீட்டர், அதனிடம் 50,000 ஜூல் இருக்கும் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு). 72-இல் போனால் 1,00,000 அல்ல, 2,00,000 ஜூல். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. அதே பிரேக்கை அதே அழுத்தத்தில் பிடித்தால், பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரமும் நான்கு மடங்கு. வண்டி ஓட்டுகிற எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய விஷயம் இது. அதைச் சொல்லித் தர வேண்டிய சொல்லே குழப்பினால் எப்படி?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்க மொழியில் ‘கினேசிஸ்’ என்றால் இயக்கம். சினிமாவும் அதே வேரில் வந்த சொல்தான். எனர்ஜிக்கு மூலமான ‘எனர்கெயா’வுக்குள் ‘எர்கோன்’, அதாவது வேலை, இருக்கிறது. ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ் 1686-இல் நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி, பின்னர் அதை ‘உயிருள்ள விசை’ என்று லத்தீனில் அழைத்தார். ‘பாதி’ என்பதைச் சேர்த்து இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்து 1829-இல் நூலாக எழுதியவர் பிரெஞ்சு அறிஞர் கோரியோலி. பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன்தான் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கைனெட்டிக் என்ற அடைமொழியைக் கொடுத்தார். ஐரோப்பாவிலும் விசையும் ஆற்றலும் நெடுநாள் ஒரே பெயரில் குழம்பிக் கிடந்தன. 1847-இல் ஆற்றல் அழியாமை பற்றி எழுதிய ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ்கூடத் தலைப்பில் விசை என்றுதான் போட்டார். பாடுபட்டுப் பிரித்த அந்த இரண்டையும் நாம் தமிழில் திரும்பக் கலக்கிக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் சரியான சொல் ஏற்கெனவே இருக்கிறது: இயக்க ஆற்றல். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பல காலமாக இப்படித்தான் சொல்கின்றன. அதன் இணைச் சொல் ‘நிலை ஆற்றல்’, அதாவது பொருள் இருக்கும் நிலையால் அதனிடம் உள்ள ஆற்றல். ஆற்றல் என்ற சொல் ‘ஆற்று’ என்ற வினையிலிருந்து வருவது. பணியாற்று, கடமையாற்று, வினையாற்று என்கிறோமே, அதே ஆற்று. வேலை செய்யும் தகுதிதான் எனர்ஜி என்று இயற்பியல் சொல்லும்போது, இதைவிடப் பொருந்தும் சொல்லை எங்கே போய்த் தேடுவது?

சக்தி மேல் எனக்குப் பகையில்லை. இலங்கைப் பாடநூல்கள் எனர்ஜியைச் சக்தி என்றும், பவரை வலு என்றும், ஃபோர்ஸை விசை என்றும் ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கின்றன. அங்கே குழப்பமில்லை. இங்கே எழுதுகிறவர்கள் கையில் சக்தி என்பது எனர்ஜி, பவர், ஃபோர்ஸ் மூன்றுக்கும் பொதுவாகிவிட்டது. அதனால்தான் ஆற்றல் வேண்டும் என்கிறேன்.

ஆனால் பெரிய குற்றம் ‘உந்து’வில் இருக்கிறது. உந்து சக்தி என்றால் உந்துகிற சக்தி, பின்னாலிருந்து தள்ளுவது. “அவளுடைய வெற்றிக்கு அம்மாதான் உந்து சக்தி” என்று சொல்லுங்கள், அழகான தமிழ். காரணத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லை, நகர்வதால் வந்த விளைவுக்கு வைத்தால் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. அதோடு மொமெண்டத்துக்கு, அதாவது நிறையைத் திசைவேகத்தால் பெருக்கி வரும் அளவுக்கு, உந்தம் என்று பெயர் வைத்தாகிவிட்டது. ஒரே அளவுள்ள இரண்டு களிமண் உருண்டைகள் சம வேகத்தில் நேருக்கு நேர் வந்து ஒட்டி நிற்கின்றன என்று வையுங்கள். உந்தத்துக்குத் திசை உண்டு, அதனால் மோதும் முன்பும் மொத்த உந்தம் பூச்சியம், பின்பும் பூச்சியம். இயக்க ஆற்றலுக்குத் திசை கிடையாது. முன்பு இரண்டின் ஆற்றலும் சேர்ந்து இருந்தது. மோதிய பிறகு அது களிமண்ணை நசுக்கி, சூடாக்கித் தீர்ந்துவிட்டது. இந்த இரண்டையும் உந்தம், உந்து சக்தி என்று அக்கம்பக்கத்தில் வைத்தால் எந்தப் பிள்ளை பிரித்துப் படிக்கும்?

இயக்க ஆற்றலிலும் ஒரு குறை உண்டு. ‘இயக்க’ என்பதை ‘வண்டியை இயக்க’ என்பதுபோலவும் படிக்கலாம். அப்போது அதுவும் தள்ளும் பக்கம் சாய்கிறது. இதற்காகவே ‘இயங்காற்றல்’ என்று வினைத்தொகையாக்கலாம் என்பவர்கள் உண்டு. இயங்குகிற பொருளின் ஆற்றல், பொருள் துல்லியம். ஆனால் கண் முதலில் ‘இயங்கா’ என்று படித்துவிடுகிறது. இயங்குவதைச் சொல்ல வந்த சொல் இயங்காததைப் போலத் தொடங்கலாமா? ‘இயக்காற்றல்’ அதைவிட மோசம், அது நேராகவே இயக்குகிற ஆற்றல். பழகிய இயக்க ஆற்றலையே வைத்துக்கொண்டு, இயக்கம் என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் போதும்.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்குள்ள வருத்தம் இன்னொன்று. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை கெட்டுவிடும் என்று நினைத்து, முதல் வரியில் ஆற்றல், அடுத்ததில் சக்தி, அதற்கடுத்ததில் விசை, கடைசியில் திறன் என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். கட்டுரைப் போட்டியில் அது சரி. இயற்பியலில் இவை ஒரே பொருள் தரும் சொற்கள் அல்ல. திறன் என்பது நொடிக்கு எவ்வளவு ஆற்றல் என்ற கணக்கு, ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல். ஆற்றல் என்று பத்து முறை வர வேண்டுமானால் பத்து முறையும் ஆற்றல் என்றே எழுதுங்கள், தயவுசெய்து.

உந்து சக்திதான் சரி என்று இன்னும் நினைப்பவர்கள், அதே கைனெட்டிக் வரும் இன்னொரு தொடரை எடுத்துப் பார்க்கலாம். தரையில் சறுக்கிப் போகும் பெட்டியைத் தடுக்கும் உராய்வைப் பாடநூல் இயக்க உராய்வு என்கிறது. அதை உந்து உராய்வு என்று எழுதுவார்களா?