நிக்கல் ஒட்டுகிறது, செம்பு ஒட்டுவதில்லை: ஏன்?

1950இல் வெளியான இந்திய ஒரு ரூபாய் நாணயம் நிக்கலால் ஆனது. காந்தத்தை அருகில் கொண்டுசென்றால் சட்டென ஒட்டிக்கொள்ளும். 1992இல் வந்த தடித்த ஐந்து ரூபாய் நாணயத்தில் கால் பங்கு நிக்கலும் முக்கால் பங்கு செம்பும் கலந்திருக்கின்றன. அது காந்தத்தில் ஒட்டாது. தனிம அட்டவணையில் நிக்கல் 28ஆவது, செம்பு 29ஆவது. அணுவுக்கு ஓர் எலக்ட்ரான்தான் கூடுதல்.

அணுக்கள் நெருங்கி உலோகமாகும்போது அவற்றின் ஆற்றல் மட்டங்கள் விரிந்து பட்டைகளாகின்றன. ஒரு நிலையில் எதிரெதிர்ச் சுழற்சி (எலக்ட்ரானைச் சிறு காந்தமாக்கும் பண்பு) கொண்ட இரண்டு எலக்ட்ரான்களுக்கே இடம் என்பதால், அவை அடியிலிருந்து மேலாக நிரம்புகின்றன. நிரம்பிய விளிம்பே ஃபெர்மி மட்டம். செம்பில் அது பட்டையின் அடியிலிருந்து சுமார் 7 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் அலகு) உயரத்தில் இருக்கிறது; அறை வெப்பம் தரக்கூடியதோ 0.025 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. எனவே விளிம்பை ஒட்டிய சில எலக்ட்ரான்களே வெப்பத்தை வாங்க முடியும். ஆழத்தில் இருப்பவற்றுக்கு நகர இடமில்லை. செம்பின் தன்வெப்பத்தில், அதாவது சூடேற்ற அது வாங்கும் வெப்பத்தின் அளவில், எலக்ட்ரான்களின் பங்கு அறை வெப்பநிலையில் நூற்றில் ஒன்றுகூட இல்லாததற்குக் காரணம் இதுதான். அணு அதிர்வுகள் ஏறக்குறைய அடங்கிவிடும் கடுங்குளிரில்தான் அந்தப் பங்கு தெளிவாகத் தெரிகிறது. அங்கே அளந்தால் நிக்கலின் எலக்ட்ரான் தன்வெப்பம் செம்பினுடையதைப் போல் சுமார் பத்து மடங்கு.

ஃபெர்மி மட்டத்தில் நிலைகள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதையே அந்தப் பத்து மடங்கு காட்டுகிறது. செம்பில், அணுக்களின் டி (d) மட்டங்கள் விரிந்து உருவான குறுகிய டி பட்டை முழுதும் நிரம்பி விளிம்புக்குக் கீழே தங்கிவிடுகிறது. நிக்கலில் விளிம்பு அந்த நெருக்கமான பட்டைக்குள்ளேயே விழுகிறது. காந்தத்தன்மையின் வேரும் அங்கேதான் இருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிக அழகானதாகப் படுகிறது. ஓர் எலக்ட்ரான் தன் சுழற்சியைத் திருப்பினால், காலியான உயர்நிலை ஒன்றுக்கு ஏறியாக வேண்டும். நிலைகள் நெருங்கியிருந்தால் அந்த ஏற்றம் சிறிது. ஒரே சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலகி இருப்பதால் மின் விலக்கம் குறைந்து ஆற்றல் மிச்சமாகிறது. மிச்சம் ஏற்றத்தை விஞ்சினால், வெளிக்காந்தம் இல்லாமலேயே ஒரு சுழற்சி கொண்ட எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடி உலோகம் காந்தமாகிவிடும். இயற்பியலாளர் ஸ்டோனர் 1930களில் வகுத்த நிபந்தனை இது.

நிக்கலின் காந்தத் திருப்புத்திறன் (காந்த வலிமையின் அளவு) அணுவுக்கு 0.6 போர் மாக்னெட்டான்; ஓர் எலக்ட்ரானின் சுழற்சி தரும் அளவு ஏறக்குறைய ஒரு போர் மாக்னெட்டான். தனி அணுக்களில் எலக்ட்ரான்களை எண்ணினால் இப்படிப் பின்னம் வராது, பட்டையில் வரும். செம்பைக் கலக்கும்போது அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் வீதம் டி பட்டையில் அணுவுக்கு 0.6 வீதமுள்ள காலியிடங்கள் அடைபடுகின்றன என்று கொண்டால், 60 விழுக்காடு செம்பில் காந்தத்தன்மை மறைய வேண்டும். அளவீடும் ஏறக்குறைய அதையே சொல்கிறது; முக்கால் பங்கு செம்பு கொண்ட ஐந்து ரூபாய் நாணயம் ஒட்டாததும் இதனால்தான். ஆயினும் உலோகக் கலவையில் செம்பின் டி நிலைகளும் நிக்கலின் டி நிலைகளும் தனித்தனியே நிற்பதைப் பிற்கால நிறமாலை ஆய்வுகள் காட்டியுள்ளதால், இந்த எளிய கணக்கை முதல் தோராயமாக மட்டுமே கொள்ள வேண்டும்.